உமையாளின் அளவு ரவிக்கை

1943 ஜூன் 21, திங்கட்கிழமை. சுபானு வருஷம், ஆனி 7.

ஏழரைக்கு ராகு காலம் தொடங்குவதால் ஆறு மணிக்கே குளத்தூரை விட்டுக் கிளம்பினோம். நானும் என் தங்கை சௌந்தரமும். கீரனூர் ரயில் நிலையம் வரை மாட்டு வண்டி, அதற்கு ஐந்தணா. அங்கிருந்து திருமயத்துக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு ஏழரை அணா. பெட்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். சௌந்தரத்துக்குத் தகரப்பெட்டியின் மேல் உட்கார இடம் கிடைத்தது. நான் புதுக்கோட்டை வரை ஒற்றைக் காலில் நின்றேன்.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் பெண்களுக்கென்று ஒரு தையற் கல்லூரி இருக்கிறது. வெறும் தையல் மட்டுமல்ல, உடையலங்காரம் முழுவதும் இரண்டு வருஷம் கற்றுத் தருகிறார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பெண்களில் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்க ஓர் அம்மாள் வியாழக்கிழமை புதுக்கோட்டைக்கு வருவதாக அறிவித்திருந்தார்கள். விண்ணப்பிப்பவள் மெஷினில் தைத்த ரவிக்கை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அது வேறொரு பெண்ணின் அளவில் தைத்ததாக இருக்க வேண்டும். தன் அளவுக்குத் தானே தைத்தது செல்லாது.

சௌந்தரத்துக்கு வயது பதினெட்டு. இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் மெஷின் கிடையாது. ஊரில் மெஷின் வைத்திருக்கும் ஒரே தையற்காரர், பெண்பிள்ளை தொட்டால் ஊசி உடையும் என்றுவிட்டார். திருமயத்துக்கு அப்பால் ஒரு பெரிய வீட்டில், ரங்கூனிலிருந்து வந்த கால்மெஷின் சும்மா கிடப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். அந்த வீட்டு ஆச்சிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. வரலாம், தங்கலாம், துணியும் தருவார்கள். பதிலுக்கு அவர்கள் மகள் உமையாளுக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுக்க வேண்டும்.

திருமயத்தில் இறங்கும்போது மணி பத்தே முக்கால். மலையும் கோட்டையும் பெருமாள் கோயிலும் ஸ்டேஷனிலிருந்தே தெரிகின்றன. பார்க்க நேரமில்லை. ஸ்டேஷன் வாசலில் நீர்மோர் குடித்துவிட்டு எங்கள் சமஸ்தானத்து அம்மன் காசு கொடுத்தேன். கடைக்காரர் வாங்கிக்கொண்டார். பட்டாளத்துக்காரர் ஒருவர் அந்தக் காசை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த தேசத்துப் பணம் என்று கேட்டார்.

ஐந்து மைல் வண்டிப் பயணம், கூலி பன்னிரண்டணா. வண்டிக்காரர் கறுப்பையா பேச்சுக்காரர்.

"ஆச்சி வீட்டுக்கா? தைக்கவா?"

"ஆமாம்" என்றேன்.

"இந்தப் பிள்ளையா தைக்கப் போகுது? போன வருசம் அறந்தாங்கியிலிருந்து ஒரு தையக்காரர் வந்தார். நல்லா மீசை வச்ச ஆளு. மறுநா விடியங்காட்டி ஸ்டேசனுக்கு நடந்தே போயிட்டார். நான் வண்டி கட்டுறதுக்குள்ள ஆளக் காணோம்."

"ஏன்?"

"கூலி போதலையாம். அப்பிடித்தான் சொன்னார்." மாட்டைத் தட்டினார். "மீசை வச்சவுகளுக்குக் கூலி கூடக் கேக்கும்போல."

சௌந்தரம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியெல்லாம் செம்மண் பொட்டல். நடுவில் அரண்மனைபோல வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பாதிக்கு மேல் பூட்டியிருக்கின்றன. பர்மாவில் கடை வைத்திருந்தவர்கள் நடந்தே திரும்பி வந்த கதைகளை எல்லாரும் கேட்டிருக்கிறோம். திரும்பாதவர்களின் வீடுகளை இங்கேதான் பார்த்தேன். நாங்கள் போன வீட்டுச் செட்டியாரிடமிருந்தும் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்ததிலிருந்து கடிதம் இல்லை. முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் ஒரு ரூபாய் நாணயம் அளவில் தெரிகிறது. அவ்வளவு நீளமான வீடு. அதில் எங்கள் கண்ணில் பட்டவர்கள் ஆச்சியும் வேலைக்காரி காளியம்மாவும் மட்டும்தான்.

ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பளிச்சென்ற முகம், அளந்து பேசும் பேச்சு.

"வாங்க தம்பி. வா ஆத்தா. வெயிலோட வந்திருக்கீக, மொதல்ல சாப்பிடுங்க."

"உமையாள் இல்லையா ஆச்சி?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"உள்ள இருக்கா. கூச்சக்காரி. புது ஆள் வந்தா வெளிய வர மாட்டா."

இதில் வியக்க எதுவும் இல்லை. வயதுக்கு வந்த பெண்கள் அப்படி உள்ளேயே இருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. நாலு இலை போட்டிருந்தார்கள். ஆச்சி, நான், சௌந்தரம் மூவரும் உட்கார்ந்தோம். நாலாவது இலையிலும் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்று எல்லாம் பரிமாறினார்கள். நாங்கள் எழுந்து கை கழுவும்வரை யாரும் வரவில்லை. காளியம்மா அதை மூடாமல், ஈ ஓட்டாமல், அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பிற்பகல் ஆச்சி அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் பக்கத்தில் தையற்காரர் பெண்களைத் தொட்டு அளவெடுக்கும் வழக்கம் இல்லை. சரியாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். அதைப் பார்த்துப் புதியதைத் தைப்பார்கள். எனவே இதிலும் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

சௌந்தரத்துக்கு எழுந்தது. மெஷின் இருந்த இரண்டாம் கட்டில், அதாவது வாசலிலிருந்து இரண்டாவது முற்றத்தில், அவள் அந்த ரவிக்கையை உள்புறம் வெளியாகத் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதை யாரும் போட்டதே இல்லை."

"எப்படித் தெரியும்?"

"அக்குள்ல ஒரு கறை இல்லை. கொக்கி மாட்டுற இடத்துல நூல் நகரலை. துவைச்ச துணியும் இல்லை, கஞ்சி அப்பிடியே இருக்கு. ஓரத்துல மஞ்சள் மட்டும் தடவியிருக்காங்க." பிறகு டேப்பை எடுத்து அளந்தாள். மார்பு, இடுப்பு, முதுகு, கை நீளம். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எல்லாம் என் அளவு."

ஜூன் 22, செவ்வாய்.

காலை எட்டு மணிக்கு வெட்டத் தொடங்கினாள். ஆச்சி கொடுத்தது சண்டைக்கு முந்திய நல்ல மல் துணி. இன்றைக்குக் கடையில் எந்த விலைக்கும் கிடைக்காது. ஒரே அளவில் இரண்டு ரவிக்கை என்று ஏற்பாடு. ஒன்று உமையாளுக்கு, மற்றது சௌந்தரம் கல்லூரிக்குக் கொண்டுபோக.

மெஷின் ஓடும் சத்தம் அந்த வீட்டில் விசித்திரமாகக் கேட்டது. அவள் மிதிக்கும்போது கடகடவென்ற ஒலி கட்டுக் கட்டாகப் போய்ப் பின்வாசலில் மோதித் திரும்புகிறது. அவள் காலை எடுத்த பிறகும் கடைசிக் கட்டில் ஒரு மெஷின் கொஞ்சம் ஓடி நிற்கும். எதிரொலிதான். ஆனாலும் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்தேன். பூட்டிய அறைகளின் வரிசை. ஒன்று மட்டும் திறந்திருந்தது.

அந்த அறையில் ஒரு பெரிய பிரம்புப் பெட்டி. காளியம்மா அதைத் திறந்து வைத்துத் துணிகளை வெயிலுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்தது ஒன்பது பத்து வயதுக் குழந்தையின் பாவாடை சட்டை. அதற்கு மேல் கொஞ்சம் பெரிய பாவாடை சட்டை. அதற்கும் மேல் இன்னும் கொஞ்சம் பெரியது. அப்படியே ஏறி ஏறி, மேலே தாவணி, ரவிக்கை. எல்லாம் புதுசு.

"உமையாளுடையதா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கய்யா. உமையாத்தா ஒம்போது வயசுல அம்மையில போயிருச்சு. வருசா வருசம் ஆனியில துணி எடுத்து வச்சுக் கும்பிடுறது." மெதுவாகத்தான் சொன்னாள். "கன்னிக்குத் துணி வைக்கிறது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். அங்கிட்டெல்லாம் சின்னப் பாவாடையே வருசத்துக்கும் வைப்பாக. இவுக மட்டும் வருசம் ஒரு விரல் கூட்டி எடுப்பாக. பிள்ளை வளருதாம்."

இரண்டாம் கட்டுக்கு வந்து சௌந்தரத்திடம் சொன்னேன். பெட்டியைக் கட்டு, கறுப்பையாவைக் கூப்பிடுகிறேன் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் ஆச்சி எனக்குப் பூ வச்சுவிட்டாங்கல்ல, அப்ப என் முதுகைச் சாண் போட்டுப் பாத்தாங்க அண்ணே. 'நெனச்சேன், ஒரே அளவு'ன்னாங்க. என்னமோ ஆசையா சொல்றாங்கன்னு இருந்தேன்."

"அதனால்தான் சொல்கிறேன், போய்விடலாம்."

"போயி? தையில கழுத்தை நீட்டவா? வியாழக்கிழமைக்கு என்னத்தை அண்ணே கொண்டுபோறது? இங்க விட்டா எனக்கு மெஷினும் இல்லை, துணியும் இல்லை. நீ வேணா மீசைக்காரர் மாதிரி நடந்து போ."

உட்கார்ந்துவிட்டேன்.

பிற்பகல் ஆச்சி வந்து பார்த்தார். இன்னும் இணைத்துத் தைக்காமல் கிடந்த முன்பக்கத்தைக் கையில் எடுத்து, "பக்கத்துல ஒரு விரல் கூட்டிப் போடு ஆத்தா. போன வருசத்து அளவு இது. இப்பக் கொஞ்சம் பூசுனாப்ல இருக்கா" என்றார்.

சௌந்தரம் ஊசியில் நூல் கோத்து முடித்தாள்.

"உமையாளுக்கு இப்ப வயசு எத்தனை ஆச்சி?"

"பதினெட்டு முடிஞ்சிருச்சு."

"அப்ப இனிமே வளர மாட்டா. என்னைப் பாருங்க, எனக்கும் அதே வயசுதான். ரெண்டு வருசமா ஒரே அளவுலதான் தச்சுப் போடுறேன். எங்க அம்மா கூட்டவும் விடுறதில்லை, கொறைக்கவும் விடுறதில்லை."

ஆச்சி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறிக்க எனக்குத் தோன்றவில்லை.

"வளர மாட்டாளா?"

"மாட்டா ஆச்சி. இதுதான் அவ அளவு."

"அடுத்த வருசமும்?"

"அடுத்த வருசமும் இதேதான்."

ஆச்சி துணியை மடித்து அவள் மடியில் வைத்தார். "அப்பச் சரி. விரல் கூட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று இரவும் நாலு இலைதான் போட்டார்கள்.

ஜூன் 23, புதன்.

பகல் இரண்டு மணிக்கு இரண்டு ரவிக்கையும் முடிந்தன. ஒன்றை ஆச்சி தரையில் பாய் விரித்துப் பரப்பினார். கைகளை அகலமாக விரித்து வைத்து, தோளிலிருந்து இடுப்புவரை உள்ளங்கையால் நீவினார். நீவும்போது துணி தரையோடு படியவில்லை, அடியில் ஏதோ இருப்பதுபோல் லேசாக உயர்ந்தே நின்றது என்று சௌந்தரம் பிறகு சொன்னாள். கஞ்சித் துணி அப்படி நிற்கக்கூடும் என்றேன்.

கறுப்பையா மூன்று மணிக்கு வந்தார். ஆச்சி வாசல்வரை வந்து சௌந்தரத்துக்குப் பழமும் கத்தரிக்கோல் ஒன்றும் கொடுத்தார். ரங்கூனில் வாங்கிய கத்தரி. "வாரேன் ஆச்சி" என்றாள். "வா ஆத்தா" என்றார். சாதாரணமாக எல்லாரும் சொல்வதுதான். அந்த வாசலில் கேட்டபோது எனக்கு முதுகு சிலிர்த்தது.

திருமயத்தில் மாலை ரயிலைப் பிடித்துப் புதுக்கோட்டையில் இறங்கி, உறவினர் வீட்டில் தங்கினோம்.

ஜூன் 24, வியாழன்.

தேர்வு ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள். இடமோ இரண்டு பேருக்குத்தான். திருச்சியிலிருந்து வந்த அம்மாள் கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். சௌந்தரத்தின் முறை வந்தபோது நானும் சுவரோரமாக நின்றேன்.

"யாருடைய அளவு?"

"உமையாள்னு ஒரு பொண்ணு. திருமயம் பக்கம்."

அம்மாள் ரவிக்கையை அளந்து எழுதிக்கொண்டார். பிறகு சௌந்தரத்தை நிற்க வைத்து அவளையும் அளந்தார். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உன் அளவு. மார்பு, இடுப்பு, கை, எல்லாம் அச்சாக உன்னுடையது. விதியைப் படித்தாய் அல்லவா?"

"படிச்சேன் அம்மா. இது என்னுது இல்லை."

"அந்தப் பெண்ணை அழைத்து வர முடியுமா?"

சௌந்தரம் முடியாதென்று தலையசைத்தாள். அவள் கழுத்தில் வியர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. அம்மாள் ரவிக்கையைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினார். நீட்டியவர் நிறுத்தி, அதை இரண்டு தோளிலும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி டேப்பை வைத்தார். இந்த முறை தோளில் மட்டும்.

"வலது தோள் அரை அங்குலம் இறக்கம்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. சௌந்தரத்தின் தோள்களை இரு கையாலும் தொட்டுப் பார்த்தார். "உன் தோள் இரண்டும் சமம். அவளுக்குச் சின்ன வயதில் தோள் இறங்கியிருக்க வேண்டும். அதைக் கவனித்து வெட்டியிருக்கிறாயே. இது ஒருத்தியைப் பார்த்துத் தைத்ததுதான்."

பட்டியலில் சௌந்தரத்தின் பெயரை எழுதினார். ஜூலை 5 திங்கட்கிழமை, இரண்டு வெள்ளைப் புடவை, டேப், நல்ல கத்தரி சகிதம் திருச்சிக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

கீரனூர் வண்டி அன்று ஒன்றரை மணி தாமதம். புதுக்கோட்டை பிளாட்பாரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். வாழ்த்தலாம் என்று திரும்பினேன். அவள் ரவிக்கையை மடியில் விரித்து, தோளோடு தோள் வைத்து ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி சொன்னார்களா, தோள் இறக்கம் என்று?" எனக் கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லலை. அளவு ரவிக்கையிலயும் இல்லை, நான் அளந்தேனே." குரலைத் தாழ்த்தினாள். "துணியை ரெண்டா மடிச்சுப் போட்டுத்தானே அண்ணே வெட்டுவோம். ஒரு தோளை வெட்டினா மறு தோளும் அதே வெட்டுல வந்துரும். ஒண்ணு மட்டும் இறங்க வழியே இல்லை."

வெளியூர் போய்வந்தால் அங்கே பார்த்ததை நம் ஊரோடு ஒப்பிட்டு எழுதுவது என் வழக்கம். எங்கள் வீட்டிலும் ஒரு கன்னிக்குத் துணி வைக்கிறோம். அப்பாவின் அக்கா, ஏழு வயதில் இறந்தவள். ஒரு சாண் சிவப்புப் பாவாடை, அவ்வளவுதான். அவளுக்கு அது பொருந்துமா என்று இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ரயில் வருவதற்குக் கைகாட்டி இறங்கியது. சௌந்தரம் ரவிக்கையை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தாள்.

"அந்த அம்மா யார் அளவுன்னு கேட்டப்ப, பொய் சொல்றோமேன்னு நடுங்கிக்கிட்டேதான் உமையாள்னு சொன்னேன்" என்றாள். "நான் சொன்னது நெசம்தான் அண்ணே."