ஆணியில்லாத கதவும் அரசாங்கக் காசும்

உப்புவெளியில் எங்கள் வீட்டு வாசலில் இன்றைக்கும் பெட்சீட்தான் தொங்குகிறது.

செய்யக் கொடுத்த கதவு என்னாயிற்று என்று கேட்க, காலையில் துறைமுகப் பக்கம் இருக்கும் ஓடாவி ரஹீம் நானாவின் மரவேலைப் பட்டறைக்குப் போனேன். கதவு சுவரில் சாய்ந்து நின்றது. சுற்றுச் சட்டங்கள் பூட்டியிருந்தன, நடுவில் பலகை இல்லை.

“ஏன் நானா, வேலை நிக்குது?”

“டிவிக்காரன் நிப்பாட்டிட்டான், தம்பி.”

அரச தொலைக்காட்சியில் கிழமைக்கு ஒரு நாள் பழைய முறை மரவேலை காட்டுவார்கள். அதில் ஆணியே இல்லாமல் ஒரு கதவு செய்யத் தொடங்கியதைப் பார்த்து, எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டது நான்தான். நானா வாழ்நாள் முழுக்க ஆணி அடித்தவர். ஆனாலும் ஓம் என்றார். அவர்கள் அங்கே ஒரு துண்டு பூட்ட, இவர் இங்கே ஒரு துண்டு பூட்டினார்.

இப்போது அரசாங்கம் காசு தரவில்லையாம். நிகழ்ச்சி பாதியில் நின்றுவிட்டது.

“மிச்சத்த நீங்களே யோசிச்சுச் செய்ய ஏலாதா?”

“ஏலும். பிறகு கழண்டு விழுந்தா அரசாங்கத்தையா ஏசுவீங்கள்? ஆணி அடிக்கச் சொல்லுங்க, இண்டைக்கே தாறன்.”

ஆணியில்லாத கதவு வருகிறது என்று இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பதிவு போட்டுவிட்டேன். அதனால் “பாப்பம் நானா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதுவரை வரவுசெலவுத் திட்டத்தை நான் கவனித்ததில்லை. இனிக் கவனிக்க வேண்டும், என் வாசல் கதவு அதற்குள்தான் இருக்கிறது.

மரவேலை நிகழ்ச்சிக்கு அரசாங்கம் காசு கொடுக்க வேண்டுமா என்பது பற்றிக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதலாம். நேரே வீட்டுக்கு வந்தும் சொல்லலாம். தட்டத் தேவையில்லை.