கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சாவு

இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில் கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரங்கள் சீனாவிலிருந்து வந்தன. அவற்றைப் பூட்ட ஆட்களும் அங்கிருந்தே வந்தார்கள். அவர்களில் ஓர் இன்ஜினியருக்கு நான் கார் ஓட்டினேன். "இனிமே உலகமே அவுங்க கையிலதான்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒருநாள் மதியம், சைட் சூப்பர்வைசராக இருந்த என் நண்பன் என்னைத் தனியே அழைத்தான்.

"உன் இன்ஜினியரோட அம்மா செத்துட்டாங்களாம் மச்சான். மெஷின் ஓடுற வரைக்கும் லீவு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. எங்கயாவது கூட்டிக்கினு போ."

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். இறங்கியவர், "சைனா?" என்று கேட்டார். வடகிழக்கே கையைக் காட்டினேன். அந்தத் திசையைப் பார்த்து மண்டியிட்டு, நெற்றி மணலில் படும்படி மூன்று முறை வணங்கினார்.

முந்தின வருடம் குறிஞ்சிப்பாடியில் அப்பா இறந்தபோது, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த அண்ணனுக்கும் லீவு கிடைக்கவில்லை. மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். அந்தக் கோபத்தில் அவனோடு பேச்சையே நிறுத்தியிருந்தேன்.

எழுந்தவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். முகம் கழுவிக்கொண்டு, "ஒர்க்" என்றார். சைட்டில் இறக்கிவிட்டேன்.

பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு, "சாப்டியா?" என்றேன்.

"கடைசியா அப்பா என்னைக் கேட்டாராடா?" என்றான்.

கேட்டார் என்பதை அன்றுதான் அவனிடம் சொன்னேன்.