சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல

போன வாரம் மதுரை காளவாசலில் ஒரு கடையில் உட்கார்ந்து, வாழ்நாளில் பயப்படாத அளவுக்குப் பயந்தேன். பேய் வந்ததா என்று கேட்காதீர்கள். அது பெயர் பொறிக்கும் கடை!

மதுரைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. டம்ளர் வாங்கினாலும் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் விடமாட்டோம். விசேஷ வீட்டுக்கு இரவல் போன அண்டா, பெயர் இருந்தால்தான் திரும்பி வரும் என்பது நம் நம்பிக்கை. இப்போது அந்தப் பழக்கம் செல்போன், லேப்டாப் வரைக்கும் வந்துவிட்டது. ஸ்டெல்லா நடத்துவது அந்த மாதிரிக் கடைதான். ஒரு லேசர் மெஷின், அவர் ஒருவர்... அவ்வளவுதான் கடை.

ஸ்டெல்லா என் மனைவியோடு ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டுத் துணிந்து கடை போட்டாரே தவிர, பயம் மட்டும் விடவில்லை. யாராவது லேப்டாப்பை நீட்டினாலே வயிற்றைக் கலக்குமாம். சூடு பட்டு பேட்டரி வீங்கினால்? ஸ்கிரீன் போனால்?

"அண்ணே, நீங்க எழுதுறவரு. கஸ்டமர்ட்ட கையெழுத்து வாங்குற மாதிரி ஒரு ஃபார்ம் எழுதிக் குடுங்க. என்ன ஆனாலும் என் தலையில விடியக் கூடாது" என்றார்.

எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக எழுதினேன்! பொருள் பழுதானாலும், அடியோடு செயலிழந்தாலும், உள்ளே இருக்கும் தகவல்கள் அழிந்தாலும் கடை பொறுப்பல்ல... ஒரு ஓட்டையும் வைக்கவில்லை. வக்கீல் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "எங்க பொழப்புல மண்ணப் போடுறீகளே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஃபார்ம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் போன வாரம் போயிருந்தேன். சோழவந்தானிலிருந்து ஒருவர் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். கூடவே மகள். எட்டு வயது இருக்கும்.

"இதுல பேரும் என் போன் நம்பரும் வெட்டணும்க்கா" என்று அவர் காட்டியது போனை அல்ல. மகளின் காதுக்குப் பின்னால் இருந்த காது மெஷினை.

ஸ்டெல்லாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"இதுலயா? வேணாம்ணே. சூடு உள்ள இறங்குச்சுன்னா மெஷின் செத்துரும்."

"திருவிழாக் கூட்டத்துல ஒண்ணத் தொலச்சுட்டாக்கா. அடுத்தது கிடைக்கிற வரைக்கும் பிள்ள ஸ்கூலுக்கே போகல. இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்? சட்டி பானைக்கே பேரு வெட்டுறோம், இதுக்கு வெட்டக் கூடாதா?"

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முடியாதுன்னா சொல்லிருங்க, வேற கடைக்குப் போறேன்" என்று எழுந்துவிட்டார். ஸ்டெல்லாவுக்கு அது இன்னும் பெரிய பயம். வேறு எங்காவது பேட்டரியைக்கூடக் கழற்றாமல் லேசரைக் காட்டிவிட்டால்?

"இருங்கண்ணே" என்று ஃபார்மை நீட்டினார். நான் இழைத்து இழைத்து எழுதிய ஃபார்ம்! அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "நீங்க என்ன தெரியாமயா செய்யப் போறீக?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நம்மூரில் பாதிப் பேர் இப்படித்தான். தாளைப் படித்துக் கையெழுத்துப் போடுவதில்லை, ஆளைப் பார்த்துப் போடுகிறோம்.

மகள் மெஷினைக் கழற்றிக் கொடுத்தாள். அதன்பிறகு அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்தாள். தைரியம் சொல்வதாக நினைத்து நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஸ்டெல்லா பேட்டரியைக் கழற்றி வைத்தார். கழிவு பிளாஸ்டிக் துண்டில் ஒரு தடவை சோதித்துப் பார்த்தார். லேசரின் வேகத்தைக் கூட்டி, சூட்டைக் குறைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. அந்தக் கடையில் எப்போதும் வருகிற வாசனைதான். அன்றைக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

முடிந்தது. எழுத்துகள் முத்து முத்தாக விழுந்திருந்தன. அப்பா பேட்டரியைப் போட்டு, மெஷினை மகளின் காதில் மாட்டினார். அவளுக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டார்.

"பாப்பா..."

திரும்பவில்லை.

"பாப்பா! ஏ, தர்ஷினி!"

அவள் பாட்டுக்கு ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "அக்கா..." என்று மட்டும் சொன்னார். ஸ்டெல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டார். மேஜை மேல் ஃபார்ம், அதில் அப்பாவின் கையெழுத்து. சட்டப்படி கடை தப்பித்துவிட்டது. ஆனால் அதை எடுத்துக் காட்டச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த மனிதர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, பக்கத்தில் கிடந்த பேப்பரை அதன் மேல் இழுத்துப் போட்டேன்.

அப்போதுதான் மகள் தற்செயலாகத் திரும்பினாள். மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். மெஷினைக் கழற்றினாள். நகத்தால் சின்ன மூடியைத் திறந்து, பேட்டரியைப் புரட்டிப் போட்டு, மூடி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"ஏம்ப்பா, மாத்திப் போட்டுட்ட" என்றாள்.

அவசரத்தில் அப்பா பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்! மகளைக் கட்டிக்கொண்டு, கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு ஸ்டெல்லா தண்ணீர் குடித்தார். ஒரு டம்ளர் போதாமல் இன்னொன்றும் குடித்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பெரிய மனிதத் தோரணையில், "அதான் கையெழுத்து வாங்கியாச்சுல்ல, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டேன்.

"கடை பொறுப்பில்லன்னு ஃபார்ம்ல இருக்குண்ணே. அந்தப் பிள்ள திரும்பாம நின்னுச்சே... அப்ப என் வயித்துக்கு அதை யாரு படிச்சுக் காட்டுறது?"