தாய்வீடு ஒன்று, மகள்மார் பலர்

எங்கள் தாயார் கண்மூடி வருகிற ஆடியோடு ஒரு வருஷம் நிறைகிறது. நினைவு மலரில் அவர்களைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது தம்பி சொன்னான்: "தோட்டத்து லயத்துப் பொம்பளைககிட்டக் கேட்டு எழுதிக்கிடுவோம்க்கா. அம்மாவப் பத்தி அவுகளுக்குத்தான் நெறையத் தெரியும்." அந்த வார்த்தை பொறுக்காமல்தான் நான் பேனாவைப் பிடுங்கினேன். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள். பேசுகிற மாதிரிதான் எழுத வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அப்பாவுக்கு மின்சார இலாகாவில் வேலை கிடைக்க, போடிமெட்டு வழியாக மலையேறிச் சித்திரபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இந்த மழையும் பனியும் சேரவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. பிறகுதான் நானும் தம்பியும். அந்தப் பிரசவ நேரங்களில் பக்கத்தில் பெற்றவள் இல்லாமல் போன குறை அம்மாவுக்குக் கடைசிவரை ஆறவே இல்லை.

அதனாலோ என்னவோ, தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்கினாலும் அம்மா போய் நின்றுவிடுவார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அந்தப் பெண்களின் தாய்வீடோ மலைக்குக் கீழே எங்கேயோ இருந்தது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அத்தனை வளைவு இறங்க முடியுமா? "ஏன் முழிக்கே? எம் வீட்டுக்கு வா. அதான் ஒனக்குத் தாய்வீடு" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுவார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கஞ்சி காய்ச்சுவதும், மழைக்கு முன்னால் வீடு வீடாகப் பழைய கம்பளி சேர்த்து லயத்துக்குக் கொடுப்பதும் போக, மிச்ச நேரத்தில்தான் நாங்கள்.

எனக்கும் தலைப்பிரசவம் வந்தது. கட்டிக்கொடுத்த ஊரான கம்பத்திலிருந்து வந்து இறங்கினேன். உள்ளறையில் கொழுந்து பறிக்கிற செல்லத்தாய் வாயும் வயிறுமாகப் படுத்திருந்தாள்.

"எம் பாயில யாரும்மா இது?"

"பாயில ஒம் பேரா எழுதியிருக்கு? தள்ளிப் படுட்டி."

அடுத்தடுத்து இருவருக்கும் ஆண் பிள்ளை. ஒரே சட்டியில் கிண்டிய பிரசவ மருந்தை உருட்டி ஆளுக்கொன்று தருவார்கள். எனக்கு அவள் உருண்டைதான் பெரிதாகத் தெரியும்.

பேரனைப் பார்க்க என் மாமியார் வெள்ளி அரைஞாணோடு வந்தார்கள். அவர்கள் அம்மாவின் அண்ணன் மனைவிதான். நானும் செல்லத்தாயும் பின்பக்கம் தலை உலர்த்திக்கொண்டிருந்தோம். அம்மா அடுப்படியில் என் மகனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் கிடந்தது செல்லத்தாயின் பிள்ளை. "எம் மவன் மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கு!" என்று கொஞ்சி, அத்தை அதன் இடுப்பில் கட்டிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் வீடே கலங்கியது. "அவுத்துருங்கம்மா" என்று செல்லத்தாய் அழுதாள். அத்தையும் கையை நீட்டினார்கள்.

அம்மா குறுக்கே வந்தார்கள். "மதினி, பிள்ளைக்குக் கட்டுனத அவுக்கக் கூடாது."

"அப்ப எம் பேரனுக்கு?"

"கறுப்புக் கயிறு கட்டுவோம். அவனுக்குத்தான் ஆள் இருக்கே."

ஆள் இருக்கிறவர்களுக்கு அம்மாவிடம் எப்போதும் இரண்டாவது பந்திதான்.

போன ஆடியில் இளைப்பு முற்றிப் படுத்துவிட்டார்கள் என்று கேட்டு ஓடி வந்தேன். அதற்குள் ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள், ஒருத்தி கால் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கஞ்சிக்கு உப்புப் போடப் போனால் செல்லத்தாய், "அம்மாவுக்கு இப்பல்லாம் உப்பு ஆகாதுக்கா" என்றாள். என்னைப் பெற்றவளின் உப்பை எனக்கு இன்னொருத்தி சொல்ல வேண்டியிருந்தது.

தாயைக் கடைசியாகக் குளிப்பாட்டும் தண்ணீரை மகள்மார் ஓடையில் எடுத்து வருவது எங்கள் வழக்கம். அம்மாவுக்கு நான் ஒரே மகள். அன்றைக்காவது அவர்கள் முழுக்க எனக்குத்தான் என்று குடத்தோடு வாசலுக்கு வந்தேன். மழையில் லயத்துப் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குடம்.

அம்மாவின் அண்ணனான மாமா அதட்டினார்கள்: "தாயே, பெத்த மகதான் எடுக்கணும். மத்தவுக ஒதுங்குங்க!"

செல்லத்தாய் குடத்தை இறக்கவில்லை. "அக்கா சொல்லட்டும்" என்றாள்.

எல்லாக் கண்ணும் என் மேல். தொண்டை வரைக்கும் வந்து நின்றது 'வேண்டாம்' என்ற சொல்தான். ஒதுங்கு என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? கீழே அவர்களைப் பெற்றவர்கள் கண்மூடியபோதும் மலை இறங்க முடியாதவர்கள்தானே.

"வரட்டும் மாமா. ஆனா எம் பின்னாலதான் வரணும்."

ஒருத்தியும் முந்தவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், மழையில் வண்டி கொடுத்த அப்பாவின் இலாகா நண்பர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. லயத்து மகள்மாருக்கும் நன்றி. அதை மட்டும் நான் முழு மனசோடு சொல்லுகிறேன் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். உங்கள் ஒவ்வொருத்தியிடமும் எனக்குக் கிடைக்காத அம்மா கொஞ்சம் இருக்கிறார்கள். தலைத் திவசத்துக்குக் கட்டாயம் வாருங்கள். வந்து, அந்தக் கொஞ்சத்தை என்னிடம் சொல்லுங்கள். உங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துவிடாதீர்கள்.