ஸ்ரீபாதக்காரரும் ஒரு சொம்புத் தீர்த்தமும்

என் ஆத்துக்காரர் அழகிரியின் வலது தோளில் ஒரு காய்ப்பு உண்டு. நம்பெருமாளைப் பல்லக்கில் சுமந்து சுமந்து ஏற்பட்டது. ஸ்ரீரங்கத்தில் இந்தக் கைங்கரியம் செய்கிறவர்களை ஸ்ரீபாதம் தாங்கிகள் என்போம். கல்யாணமான புதிதில் அந்தக் காய்ப்பைத் தொட்டு, "ஏன்னா, வலிக்குமா?" என்று கேட்டேன். "அசடு, பெருமாள் உட்கார்ற இடம் வலிக்குமா?" என்றார். இந்த வீட்டில் எனக்கு இரண்டாம் இடம்தான் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. முதல் இடத்தில் இருப்பவரோடு சண்டை போட முடியுமா, சொல்லுங்கள்!

புறப்பாடு இருக்கிற நாளில் விடிந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார். பல்லக்குத் தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்துவிட்டால் நடுவில் ஒதுங்க முடியாதாம். மற்றவர்கள் பல்லக்கு நிற்கிற இடத்தில் தோள் மாற்றிக்கொண்டு ஒரு வாய் மோர் குடித்துவிட்டு வருவார்கள். இவர் மாற்றவே மாட்டார். அப்படி ஒரு வீம்பு. நான் தீர்த்தச் சொம்பும் கையுமாகப் பின்னாலேயே போவேன். "சும்மா நச்சரிக்காதேடி" என்பார். "எப்படியோ போங்கோ!" என்று சொம்பை ணங்கென்று வைத்துவிட்டு வருவேன். அடுத்த நாள் மறுபடி சொம்போடு போவேன். மானங்கெட்ட மனசு.

போன பங்குனியில் பெருமாள் உறையூருக்கு எழுந்தருளினார். வருஷத்துக்கு ஒருமுறை, காவிரியைத் தாண்டி, அங்கிருக்கிற நாச்சியாரைப் பார்க்கப் போகிற பயணம் அது. பாதி வழியில் இவருக்கு விலாவில் வலி கண்டிருக்கிறது. அப்போதும் தோளை எடுக்கவில்லை. உறையூரில் பல்லக்கை இறக்கிய பிறகுதான் சுருண்டு விழுந்தார். கடித்துக் கடித்து உதடு கிழிந்திருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

டாக்டர் இருதயநாதன் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாருக்கும் ரெண்டு கிட்னியும் தனித்தனியா இருக்கும் சார். உங்களுக்கு அடிப்பக்கம் ஒட்டி, குதிரை லாடம் மாதிரி இருக்கு. பிறவியிலேயே அப்படித்தான். சிறுநீர்க் குழாய் அந்த ஒட்டு மேல ஏறி இறங்கணும். அதனால உள்ளேயே தேங்கும், கல்லு சேரும். இவ்வளவு பெரிய கல்லு தானா வெளிய வராதுங்க. ஆமா, தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

இவர் மோட்டுவளையைப் பார்த்தார். நான் விடுவேனா? இத்தனை வருஷத்துக் கதையையும் கொட்டிவிட்டேன்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மறுபடி பெருமாளை ஏளப்பண்ண முடியுமா, டாக்டர்?"

சுமக்க முடியுமா என்று கேட்கிறார் என நான் டாக்டருக்குச் சொன்னேன். ஸ்ரீபாதம் தாங்கியாக இருந்த இவருடைய சித்தப்பாவுக்கும் கல் வந்தது. அந்தக் காலத்தில் விலாவை நீளமாகக் கிழித்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் தண்டைத் தொடவே இல்லை. பல்லக்கு வீதிக்கு வரும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தச் சாத்திய கதவுதான் இவர் கண்ணில் நின்றது.

"அப்படியெல்லாம் கிழிக்கப் போறதில்லைங்க" என்றார் டாக்டர். "முதுகுல விரல் நுனி அளவு ஒரு துளை. அது வழியா உள்ளே பார்த்துக்கிட்டே கல்லை உடைச்சு எடுத்துடலாம். உங்க கிட்னி கொஞ்சம் கீழே இருக்கு, ரத்தக் குழாயும் வழக்கமான இடத்துல ஓடாது. அதனால நிதானமாப் பண்ணணும். நல்லபடியா ஆறினா தாராளமாத் தூக்கலாம். ஆனா தண்ணி குடிக்கலைன்னா கல்லு திரும்ப வரும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

ஆபரேஷன் அன்று வராந்தாவில் உட்கார்ந்து பெருமாளிடம் சண்டை போட்டேன். 'இத்தனை வருஷம் உன்னைத் தூக்கினார். இன்னிக்கு ஒருநாள் நீ அவரைத் தூக்கு' என்றேன். வேறு ஸ்லோகம் எதுவும் வாயில் வரவில்லை. வெளியே கொண்டுவந்தபோது முதுகில் சின்னதாக ஒரு கட்டு இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. உடைத்தெடுத்த கல்லைக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். கல்கண்டுத் தூள் மாதிரி இருந்தது. இதற்கா அந்தப் பாடு!

வீட்டில் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தார், என் கண்ணுக்குப் பயந்து. சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்து, தூக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது சின்னக் குழந்தை போல அழுதார். எனக்கோ நம்பிக்கையில்லை. தண்டுக்கு அடியில் போய்விட்டால் டாக்டராவது, பெண்டாட்டியாவது?

இந்தப் பங்குனியும் வந்தது. உறையூருக்குப் போகிற வழியெல்லாம் சொம்போடு கூடவே நடந்தேன். வெயில் கொளுத்தியது. இவர் ஒருதரம்கூட என் பக்கம் திரும்பவில்லை. காவிரியைத் தாண்டியதும் பல்லக்கு சற்று நின்றது. திடீரென்று இவர் பக்கத்திலிருந்தவரிடம் தோளை மாற்றிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார். என் வாழ்நாளில் நான் பார்த்திராத காட்சி. எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னன்னா, வலிக்கறதா?"

"இல்லைடி. தீர்த்தம் குடு."

அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தார். பல்லக்கு புறப்படப் போகிறது என்று குரல் கேட்டது.

"போதும், போங்கோ. பெருமாள் காத்திண்டிருக்கார்" என்றேன்.

சொம்பில் மிச்சமிருந்ததையும் குடித்து முடித்து, என் கையில் கொடுத்தார். "கொஞ்சம் காத்திருக்கட்டும்டி. நீ எத்தனை வருஷமாக் காத்திண்டிருக்கே!"