முயலுக்கு வெள்ளிக்கிழமைக் குளிப்பு

எங்கள் லேனில் யாருடைய முயலாவது தின்னாமல் மூலையில் சுருண்டிருந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வெங்காயம் உரிக்கிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். ஆனால் ஒரு முயலை மடியில் வைத்துவிட்டால் எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். வாலைத் தூக்கிப் பார்த்தீர்களா, அடிமயிர் ஈரமாக இருக்கிறதா, கெட்ட மணம் வருகிறதா, அரிசிக் குருணை மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வைத்தியர் போலக் கேட்பேன். அது ஈ முட்டை. அதை இன்றைக்குப் பார்க்காமல் விட்டால் நாளைக்குப் புழு.

இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு முயலைக் கொல்லப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பிலிமத்தலாவையில் கொழும்பு ரோட்டுக்கு மேலே ஒரு மேட்டில் எங்கள் வீடு இருந்தது. வாப்பாவின் கடை கீழே, ரோட்டோரம். அந்த வருடம் மாமி எங்களோடு இருக்க வந்தார். மாமி வாப்பாவின் தங்கை. தெல்தோட்டையில் மாமாவோடு இருந்தவர். மாமா சின்ன சில்லறைக் கடை வைத்திருந்தார். ஒருநாள் கடை பூட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. வாப்பா போய் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு கிழமை கழித்து, பார்க்க ஆளில்லை என்று மாமா வளர்த்த நான்கு முயல்களும் ஒரு மரக்கறிப் பெட்டியில் லொறியேறி வந்து சேர்ந்தன.

மாமி வெள்ளை உடுத்து என் அறையில் இத்தா இருந்தார். புருஷன் மவுத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. வீட்டுக்குள்ளும் பின்வளவிலும் நடமாடலாம், சமைக்கலாம், நம்மவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் மாமி அறையை விட்டு வரவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டுவார். தட்டில் போன சாப்பாட்டில் பாதி அப்படியே திரும்பி வரும். உம்மா ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சாட்டோடு கதவடியில் போய் நிற்பார். போஞ்சி நறுக்க வாங்க, தேங்காய்ப் பூ திருவித் தாங்க, வெயிலடிக்கிறது கொஞ்சம் வந்து இருங்க என்று கேட்பார். "நானாட ஊட்டுல என்னால கரச்சல் வேணாம் மதினி" என்று மாமி சொல்லிவிடுவார். அண்ணனான வாப்பாவை மாமி நானா என்றுதான் கூப்பிடுவார். உம்மா திரும்பி வந்து குசினியில் பாத்திரங்களைச் சத்தம் வரக் கழுவுவார்.

முயல்களை என்னிடம் ஒப்படைத்தார்கள். பேசாத பிள்ளைக்குப் பேசாத பிராணி பொருத்தம் என்று வாப்பா சொன்னார். மூன்று முயல்கள் சாது. எங்கே தூக்கினாலும் துணிமூட்டை மாதிரித் தொங்கும். நான்காவது சாம்பல் நிறப் பெட்டை. நான் அதைப் பெரியவள் என்று கூப்பிட்டேன். அதற்கு மனிதக் கையே பிடிக்காது. கை நீட்டினால் முன்காலால் அடிக்கும். தூக்கினால் பின்காலால் உதைத்துக்கொண்டு பாயும். என் முழங்கை முழுவதும் அதன் கையெழுத்துத்தான். மாமா ஒருவரிடம்தான் அது அடங்கியிருக்கும் என்று வாப்பா சொன்னார். ஆகவே மற்ற மூன்றையும் தூக்கித் தடவி முத்தமிடுவேன். பெரியவளுக்குத் தீனியை வைத்துவிட்டுக் கையை வேகமாக எடுத்துக்கொள்வேன்.

அன்பை வேறு வழியில் காட்டினேன். வயலோரத்தில் கங்குன் கீரை கட்டுக்கட்டாகக் கிடைத்தது. பெரியவளுக்கு அது பிடிக்கும். புல்லைக் குறைத்துக் கங்குனைக் கூட்டினேன். நாலைந்து நாளில் அதற்கு வயிறு இளகி, பின்பக்க மயிரெல்லாம் அசிங்கமாக ஒட்டிக்கொண்டது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எல்லாரும் தலைக்குக் குளிப்போம். வாப்பா ஜும்மாவுக்குப் புறப்படும்போது காதுமடலுக்குப் பின்னால் அத்தர் தடவிக்கொள்வார். வீடே வாசனையாக இருக்கும். அன்றைக்குப் பாடசாலை விட்டு வந்து நானும் குளித்தேன். இந்த நாளில் பெரியவள் மட்டும் அசிங்கமாக இருப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

உடுப்பு ஊறவைக்கும் பேசினில் தண்ணீர் நிரப்பி, சாக்கால் பெரியவளை மூடிப் பிடித்து அதற்குள் இறக்கினேன். உதைக்கும் என்று பயந்தால், அது உதைக்கவே இல்லை. கண்ணை விரித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. முயல் செத்துப்போகிற பயத்தில்தான் அப்படி விறைத்து நிற்கும் என்று இப்போது தெரியும். அன்றைக்கு அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, பழைய துணியால் மேலுக்குத் துடைத்து, வாப்பாவின் அத்தரில் ஒரு சொட்டு எடுத்து அதன் காதுகளுக்குப் பின்னால் தடவினேன். கூட்டில் விட்டபோது பெருமையாக இருந்தது.

பின்னேரம் மழை பிடித்தது. இரவும் அடுத்த நாள் காலையும் விடவில்லை. கூட்டுக்குள் எல்லாம் நசநசவென்று ஈரம். முயலின் மேல்மயிர் காய்ந்தாலும் அடிமயிர் லேசில் காயாது. அந்த மயிருக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரியவளிடம் யார் கையை விடுவது?

சனிக்கிழமை பகல் மழை கொஞ்சம் விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. நான் தீனி வைக்கப் போனேன். பெரியவள் என்னை அடிக்க வரவில்லை. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு இருந்தது. கூட்டைச் சுற்றிப் பச்சை நிற ஈக்கள் ரீங்கரித்தன. அத்தர் மணமும் ஏதோ அழுகிய மணமும் கலந்து வந்தது. முதல் தடவையாக அதன் முதுகில் பயமில்லாமல் கை வைத்தேன். அது அதற்கும் ஒன்றும் செய்யவில்லை. வாலைத் தூக்கினேன். அங்கே மயிர் தானாக அசைந்துகொண்டிருந்தது.

குசினிக்கு ஓடி உம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். உம்மா குனிந்து பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போய் முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார். புழுவைக் கண்டால் தனக்கு ஏலாது, மயக்கம் வருகிறது என்றார். என்னை இழுத்துக்கொண்டு நேரே மாமியின் அறைக்குப் போனார்.

"மதினி, மொசலுக்குப் புழு வெச்சீக்கி. எனக்குப் பாக்கவே ஏலா, மேலெல்லாம் கூசுது. நீங்க கொஞ்சம் வாங்கோ."

மாமி சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானா வரட்டும்."

"ஒங்கட நானா வர ராவாகும். அதுக்குள்ள அது மவுத்தாப் போகும்."

தஸ்பீஹ் மணி இரண்டு தடவை உருண்டது. பிறகு நின்றது.

"எந்த மொசல்?"

"அந்தப் பெரிசு. எல்லாரையும் அடிக்கிறது."

மாமி எழும்பினார். செருப்புக்கூடப் போடவில்லை. பின்கதவைத் தாண்டி, ஈர மண்ணில் வெறுங்காலோடு கூட்டடிக்குப் போனார்.

எனக்குப் பயம் பிடித்தது. பெரியவள் மட்டும் காரணமில்லை. குர்ஆன் ஓதும் பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஒருத்தி, இத்தா இருக்கிற பெண் வாசற்படியைத் தாண்டினால் நாளெல்லாம் அழிந்துவிடும், முதலாம் நாளிலிருந்து திரும்ப எண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மாமிக்கு இரண்டு மாதம் கழிந்திருந்தது. நான் ஒரே குளிப்பில் ஒரு முயலையும் இரண்டு மாதத்தையும் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமி கூட்டைத் திறந்தார். பெரியவள் கடைசி பலத்தைக் கூட்டிப் பின்காலை உதறியது. மாமி காதைப் பிடிக்கவில்லை, கழுத்தைப் பிடிக்கவில்லை. ஒரு கையை நெஞ்சுக்கடியிலும் மற்றக் கையைப் பின்பக்கத்துக்கடியிலும் கொடுத்து, கால்கள் காற்றில் தொங்காதபடி தன் வயிற்றோடு அணைத்துத் தூக்கினார். உதைத்து உதைத்தே முயல் தன் முள்ளந்தண்டை முறித்துக்கொள்ளும் என்று உம்மாவிடம் சொன்னார். தன் வெள்ளை முக்காட்டை உருவி அதைச் சுற்றி, முகத்தை முழங்கை மடிப்புக்குள் புதைத்துவிட்டார். இருட்டானதும் பெரியவளின் உதறல் நின்றது.

தகரக் கூரைக்குக் கீழே பலகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கத்தரிக்கோல், வாப்பா முள்ளெடுக்கும் சாவணம், இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர், காய்ந்த துணி. உம்மா மூக்கைப் பொத்தியபடி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போனார். நான்தான் கிட்ட எடுத்துக் கொடுத்தேன். மாமி மயிரை ஒட்ட வெட்டினார். தோல் சிவந்து, இரண்டு இடத்தில் புண்ணாகியிருந்தது. புழுக்களை ஒன்று விடாமல் சாவணத்தால் எடுத்துச் சுடுதண்ணீர் டின்னில் போட்டார். மடிப்புக்குள், தொடை இடுக்கில், வாலின் மேலே என்று தேடித் தேடி எடுத்தார். அறையில் சுவரைப் பார்த்த கண்ணா இது என்று இருந்தது. அப்படி உற்றுப் பார்த்தார்.

புண்ணைக் கழுவி ஒற்றிக்கொண்டிருக்கும்போது அவர் மூக்கு முயலின் காதுப்பக்கம் போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மகள், இது எந்தப் பள்ளிக்கு ஜும்மாவுக்குப் போன?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கங்குன், பேசின், சவர்க்காரம், அத்தர். உம்மா தூரத்தில் நின்றபடியே என்னை ஏசத் தொடங்கினார். மாமி கையைக் காட்டி நிறுத்தினார். ஏச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், இப்போது அடுப்படியில் ஒரு துணியைச் சூடாக்கி அனுப்புங்கள் என்றார். அழுததில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மற்றதையும் கேட்டேன்.

"மாமி, நீங்க வெளியால வந்தாச்சு. இனி திரும்ப முதல்ல இருந்து எண்ணணுமா?"

மாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இது வெளியால இல்ல மகள். நம்மட ஊடுதானே."

உம்மா சூடாக்கிய துணியோடு வந்து நின்றவர், அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மாமி இரண்டு தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தார்.

அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் பெரியவளை அடிமயிர் வரைக்கும் காயவைத்தோம். அடுப்படியில் ஒரு பெட்டிக்குள் வைத்து, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். மாமி கரண்டியால் சீனித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விட்டார். பிழைக்குமா என்று கேட்டேன். நாளைக்குத் தெரியும் என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்ததால் மாமி அன்றைக்குக் குசினியிலேயே சாப்பிட்டார். கடையிலிருந்து வந்த வாப்பா குசினி வாசலில் அப்படியே நின்றார். உம்மா அவருக்கு முன்னால் தட்டை வைத்து, மீன் முள்ளைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார். அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லி மருந்து வாங்கி வந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் பெட்டிக்குள் ஒரு பலா இலையை நீட்டினேன். பெரியவள் முதலில் என் விரலை அடித்தது. பிறகு இலையை இழுத்துக்கொண்டது. மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு என் விரலில் இரத்தம் வருகிறதா என்று பார்த்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையிலும் அஸர் தொழுகைக்குப் பிறகும் முயல் பார்க்கும் வேலை நடந்தது. மாமி பலகையில் உட்காருவார். நான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மடியில் வைப்பேன். வாலைத் தூக்கி, மயிரை விலக்கி, முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தது என்பார். பெரியவளைத் தூக்க மட்டும் நான் இரண்டு கிழமை பழக வேண்டியிருந்தது. கங்குன் நின்றது. கூட்டுக்கு உயரமான கால் போட்டு, வெயில் விழுகிற இடத்துக்கு மாற்றினோம். உம்மா ஒருநாளும் கிட்ட வரமாட்டார். புழு வந்துவிடுமோ என்று நினைத்தாலே நித்திரை வருவதில்லை, மதினி இல்லாவிட்டால் இந்த முயல்களை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று வாப்பாவிடம் மாமியின் காதில் விழும்படி சொல்லுவார். அதைக் கேட்டால் மாமி மற்றொரு தடவை நான்கையும் பார்ப்பார்.

இத்தா முடிந்த பிறகும் மாமி போகவில்லை. உம்மாவோடு கண்டிக்குப் போய் நீலப் பூப்போட்ட துணி வாங்கி வந்து தானே தைத்து உடுத்தார்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பான் இறைச்சியோடு ஒரு வாளி நிறையப் பாபத்தும் வந்தது. மாட்டின் வயிற்றுப் பகுதி அது. கொண்டுவந்தவர்கள் மூடாமல் வைத்துவிட்டுப் போனதில் ஈ மொய்த்திருந்தது. உம்மா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பைப்படியில் குந்தினார். வெறுங்கையால் அதைப் புரட்டி, சுண்ணாம்பு தடவிச் சுரண்டினார். மடிப்பு ஒன்றில் ஈ முட்டை வெள்ளையாக ஒட்டியிருந்தது. இரண்டொன்று நெளியவும் தொடங்கியிருந்தன. உம்மா பேச்சை நிறுத்தாமலே பெருவிரல் நகத்தால் வழித்து எறிந்தார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். புழுவுக்குப் பயமில்லையா என்று கேட்டேன். உம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்த மாமி தலையை நன்றாகக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. வேலை இல்லாவிட்டால் போய்ப் பெருநாள் பலகாரம் தின்னச் சொல்லி உம்மா என்னை விரட்டினார்.

உம்மாவுக்குப் பயம் காய்ச்சல் மாதிரி வந்து காய்ச்சல் மாதிரி விட்டுப் போயிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நல்ல செய்தியை வாப்பாவிடம் சொன்னேன்.

"உம்மாக்கு இப்ப புழுவுக்குப் பயமில்ல வாப்பா."

"அவக்கு எப்ப பயம் இருந்த?"

பாவம், கடையிலேயே இருப்பதால் இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்து, உம்மா மூக்கைப் பொத்தியது, மயக்கம் வருகிறது என்றது, மாமியின் அறைக்கு ஓடியது எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். வாப்பா கடைசி வரைக்கும் கேட்டார். பைப்படியில் இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் வந்தது. வாப்பா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, இதை யாரிடமும் சொல்லக் கூடாது மகள் என்றார்.

உம்மா பயந்தவர் என்று ஊருக்குத் தெரிந்தால் வெட்கப்படுவார், அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் வாக்குக் கொடுத்தேன். உம்மாவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று நெடுநாள் அதை யாரிடமும் சொல்லவில்லை.