எண்ணெய்த் தலையும் மூளைச் சோதனையும்

கொச்சங்காடியில் சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் எங்களைத் தேடிப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுகிறவர்களின் மூளை இரண்டையும் எப்படிக் கையாள்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தலையில் கம்பி பொருத்துவார்கள் என்றதும் மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். இருக்கிற புத்தியும் ஷாக்கில் போய்விடும் என்று ஒருத்தி என்னைக் கிள்ளினாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், வருகிறேன் என்றேன். பத்தாம் வகுப்போடு நின்றவள். பல்கலைக்கழகத்தின் உள்ளே ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்க ஆசை.

தலை குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் எண்ணெய் இல்லாமல் தலை குளிக்கிற வழக்கம் கிடையாது. அதுவும் பெரிய இடத்துக்குப் போகிறோமே என்று, முடி உலர்ந்த பிறகும் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை உள்ளங்கை நிறையத் தடவி, இறுக்கிப் பின்னிக்கொண்டு போனேன்.

ஆய்வுக்கூடத்தில் துணித் தொப்பி ஒன்றை மாட்டினாள். அதிலுள்ள உலோகப் பொட்டுகள் தலைத்தோலில் ஒழுங்காகப் படிந்தால்தான் மூளையின் மின்னோட்டம் திரையில் கோடாக ஓடுமாம். எண்ணெயில் அவை படியவில்லை. கோடுகள் தாறுமாறாகத் துள்ளின. பேராசிரியர் எட்டிப் பார்த்து, இது சரிவராது, அவரை அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். கருவி அன்று மாலை வரைதான் அவள் கையில். அவள் முகம் வாடிவிட்டது.

“தெற்று என்றெயா சேச்சி. எண்ண வேண்டான்னு ஞான் பறஞ்ஞில்ல” என்று, எண்ணெய் கூடாதென்று சொல்லாத பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். அவளுடைய அம்மாவும் என்னைப் போல எண்ணெய் இல்லாமல் தலை குளிக்க மாட்டாராம்.

வேறு நாளென்றால் குனிந்த தலையோடு வெளியேறியிருப்பேன். அன்று நாற்காலியை விட்டு எழவில்லை.

“இதுக்குப் போயி அனுப்புவாங்களா மோளே? ஷாம்பு குடு, கழுவிட்டு வாரேன்.”

கைகழுவும் தொட்டியில் குனிந்தேன். அவள் தண்ணீர் ஊற்ற, நான் விரல் வழுக்காமல் போகும்வரை தேய்த்தேன். ரவிக்கை முதுகெல்லாம் நனைந்தது. போகிற வருகிற மாணவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

மறுபடி தொப்பி. இந்த முறை கோடுகள் ஒழுங்காக ஓடின. நான் கண் சிமிட்டும்போது மட்டும் எழும்பி அடங்கின. பேராசிரியர் வந்து திரையைப் பார்த்துத் தலையசைத்தார். என்னை மட்டும் கண்ணாடித் தடுப்புக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

நீலச் சட்டத்துக்குள் படம் வந்தால் தமிழில் பெயர் சொல்ல வேண்டும், சிவப்பென்றால் மலையாளத்தில். முதலில் சிவப்புக்குள் ஒரு பூனை.

“பூச்ச” என்றேன்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் சிரித்துக்கொண்டே, குரலைக் கொஞ்சம் குறைக்கும்படி கை காட்டினாள்.